காற்றும் வெயிலும் மின்சாரமாகும் நாட்டில்

(மலாக்கா மாநிலம், ஜாசின் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆடி மாதத்தில் நாங்கள் நால்வர் தமிழ்நாட்டுக்குப் பிரயாணம் போய் வந்தோம். கோவில் குளம் பார்க்கவும் உற்றார் உறவினரைக் காணவுமே போனோம்; அதை மறைப்பானேன்? சங்கக் காசில் போகவில்லை, சொந்தக் காசில்தான் போனோம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். இல்லையேல் பின்வரிசையில் இருக்கும் சிலருக்கு இன்றிரவு தூக்கம் வராது. போன இடத்தில் கோவில் கோபுரங்களைவிட அதிகமாக எங்கள் கண்ணை இழுத்தவை வேறு கோபுரங்கள். அவற்றைப் பற்றிப் பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். தோட்டத் தொழிலாளிக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போது, மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்டாற்போல ஓர் இடம் வருகிறது. அதுதான் ஆரல்வாய்மொழி. அதனை அடுத்து முப்பந்தல். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, இந்தக் கணவாய் வழியே நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பஸ்ஸின் சன்னலைத் திறந்து வைக்க முடியவில்லை. எங்களோடு வந்த அம்மாள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே பார்த்தால், வாழைத் தோப்புக்கும் பனைமரத்துக்கும் மேலே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று நீண்ட இறக்கைகள் சாவதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பழைய எந்திரங்கள் சில 250 கிலோவாட் சக்தி உள்ளவை. புதியவை ஒவ்வொன்றும் 2000 கிலோவாட்டும் அதற்கு மேலும். அந்த வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழ 1500 மெகாவாட் அளவுக்கு எந்திரங்கள் நிற்கின்றன.

காற்றிலே ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகையால் காற்று உள்ள இடத்தில்தான் காற்றாலை நிற்கும். ஆசைப்பட்ட இடத்தில் எல்லாம் நிற்காது. நம் மலாக்காவுக்கும் காற்று வராமலில்லை. விடியலுக்கு முன், உளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் புறப்படும் நேரம் பார்த்து, நீரிணைக்கு அப்பாலிருந்து சுமத்ராக் காற்று இடியும் மழையுமாக வந்து அன்றைய வெட்டைக் கெடுத்துவிட்டுப் போவது உங்களுக்குத் தெரியாததா! ஆனால் அது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்துக் கூத்து. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு மாதக்கணக்கில் ஓயாமல் வீசும் பலத்த காற்று இல்லை. காற்றாலைக்கு வேண்டியது அதுவே. எனவே ஆரல்வாய்மொழியைப் பார்த்துவிட்டு ஆயர் குரோவில் காற்றாலை நடவேண்டும் என்று நாங்கள் தீர்மானம் கொண்டுவரப் போவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலை 1986 ஆம் ஆண்டில், தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காடு என்னும் இடத்தில், அரசாங்கத்தின் பரீட்சார்த்த முயற்சியாகத் தொடங்கியது. பிறகு 1990களில் தனியார் முதலாளிகள் இறங்கினார்கள். காற்றின் மேலுள்ள காதலால் அல்ல. காற்றாலைக்குப் போட்ட முதலை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து, வருமான வரியைக் குறைத்துக்கொள்ள இந்திய அரசாங்கம் இடம் கொடுத்தது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூல் ஆலைகள் தெற்கே காற்றாலை வாங்கிப் போட்டன. முப்பந்தலில் விளையும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேரும். கோவையில் இருக்கும் மில்லின் பில்லில் அந்த யூனிட்டுகள் கழிக்கப்படும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நெடுங்காலம் இந்தியாவிலேயே முதலிடம் அதற்குத்தான். 2023 இல் குஜராத் முந்திக்கொண்டது.

இவ்வளவு காற்றாலை இருந்தும் 2008 முதல் 2014 வரை அந்த நாட்டு மக்கள் மின்வெட்டால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2012 இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லை. காற்றாலை தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வருவது. மற்ற மாதங்களில் இறக்கைகள் சும்மா நிற்கும். வீசும் காலத்திலோ, கம்பியால் தாங்க முடியவில்லை என்று சில வேளை எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஆற்றில் வெள்ளம் ஓடும்போது குடத்தைக் கவிழ்த்து வைத்த கதைதான். புதுமை என்றால் குறையே இல்லை என்று பேசுவாரும் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாங்கள் சேரவில்லை.

முப்பந்தலில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சிமாருக்கு எந்த ஊரு?” என்று விசாரித்தார். மலேசியா என்றதும் அவருடைய தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனவர், திரும்பி வரவில்லை என்றார். அந்தக் காற்றாலை நிற்கும் நிலங்கள் யாருடையவை என்று கேட்டோம். “எங்களதுதான். ஆடு மேய்ச்ச பூமி. வித்துட்டோம். அன்னைக்குக் கொடுத்த விலை அன்னைக்குப் பெருசாத் தெரிஞ்சுது” என்றார். இப்போது? அவர் மகன் ஒரு காற்றாலையில் இரவுக் காவல். நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டிருந்தால் ஆண்டுதோறும் பணம் வந்திருக்குமே என்றோம். “அதைச் சொல்லித்தர அன்னைக்கு ஆளில்லையே, அண்ணாச்சி” என்றார். தேநீர் ஆறிப்போனது எங்களுக்குத் தெரியவில்லை.

நிற்க. நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறோர் ஊரைப் பற்றி. கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே, நீலகிரி மலையின் அடிவாரத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. பெரிய ஊரல்ல. கூலி வேலை செய்கிறவர்களும் சிறு விவசாயிகளும் வாழ்கிற இடம். அந்த ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை உண்டு!

இதை நம்ப எங்களுக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. மில் முதலாளிக்குக் காற்றாலை இருப்பதில் வியப்பில்லை. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் பில் கட்ட முடியாமல் திண்டாடிய ஒரு கிராம மன்றம் எப்படிக் காற்றாலை வாங்கியது? 1996 முதல் பத்தாண்டு அவ்வூராட்சியின் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம் என்பவர். மின்சாரப் பில் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைக் கண்டு முதலில் சிக்கனத்தில் இறங்கினார்கள். சில தெருக்களுக்குச் சூரிய விளக்குப் போட்டார்கள். 2003 இல், மரக்கழிவை எரித்து வாயுவாக்கி அதனால் தண்ணீர்ப் பம்பை ஓட்டும் 9 கிலோவாட் எந்திரம் ஒன்றை வைத்தார்கள். செலவு குறைந்தது. இதில் ருசி கண்டபின், 2006 இல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை ஒரு கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி தன் வருமானத்திலிருந்து சேமித்து வைத்திருந்தது 40 லட்சம். மிச்சம் 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

காற்றாலையை ஓடந்துறையில் நடவில்லை. அங்கே காற்றுப் போதாது. உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் பாதையில் நட்டார்கள். மில் முதலாளிகள் செய்த அதே தந்திரம். காற்று உள்ள ஊரில் எந்திரம்; கணக்கு நம் ஊரில். ஆண்டுக்குச் சுமார் ஆறே முக்கால் லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை நாலரை லட்சம். மிகுதியை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்தப் பணத்திலிருந்தே வங்கிக் கடனுக்குத் தவணை போயிற்று. மக்கள் மேல் புதிய வரி எதுவும் போடவில்லை.

ஊராட்சி அலுவலகம் நம்மூர்த் தோட்ட ஆபீசைவிடச் சிறியது. அங்கே இருந்த இளைஞர், “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்று கொங்கு நாட்டு மரியாதையோடு வரவேற்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எங்களில் இருவர் கிராணிகள். கிராணிமார் இரண்டு பேர் சேர்ந்தால் எதைப் பார்ப்பார்கள்? எழுதி வைத்த கணக்கைத்தான் பார்த்தோம். எந்த மாதம் எத்தனை யூனிட், எவ்வளவு கழிவு, எவ்வளவு மிகுதி என்று எல்லாம் இருந்தது. கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் பேச்சு எவ்வளவோ கேட்டிருக்கிறோம். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எங்களுக்குச் சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான்.

இது நமக்குப் புதியதா? 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. துண்டானால் தொழிலாளி தெருவில் நிற்பான். எனவே தொழிலாளிகளே மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாகத் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நம் பாட்டன்மார் பலர் அதில் பங்குதாரர்கள். பத்து வெள்ளி என்றால் அன்று எத்தனை நாள் வெட்டு என்று எண்ணிப் பாருங்கள். ஓடந்துறைக்காரர்கள் காற்றாலையில் செய்ததை நம்மவர்கள் அதற்கு 46 ஆண்டு முன்பே ரப்பர்த் தோட்டத்தில் செய்திருக்கிறார்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசாங்கம் 2011 இல் ஒரு பசுமை வீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. வீட்டுக்கு ஐந்து விளக்கு. விளக்கு எரியக் கூரையிலே சூரியத் தகடு. வீடு சிறியதுதான், குறை சொல்வாரும் இருந்தார்கள். ஆனால் வீடும் விளக்கும் சேர்ந்து, வசிக்கிறவன் பேரிலேயே வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இங்கே வருவோம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி என்னும் ஊருக்கும் போனோம். 2016 இல் அங்கே 648 மெகாவாட் சூரிய நிலையம் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது என்று அன்று சொன்னார்கள். 2500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். உள்ளே விடவில்லை, வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். கருவேலங்காட்டு வறண்ட பூமியில் கரும்பலகைகளை அடுக்கி வைத்தாற்போல இருந்தது. கட்டுகிற காலத்தில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எட்டு மாதம் உழைத்தார்களாம். கட்டி முடித்தபின்? தகட்டைத் துடைப்பதற்குக்கூட ஆள் இல்லை, அதற்கும் எந்திரம். ஒவ்வொரு வரிசையிலும் அது தானாக ஓடித் தூசியைத் துடைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்கிறது.

வேலிக்கு வெளியே நின்றபடியே நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். 2500 ஏக்கரில் பால்மரம் நின்றால் எத்தனை பேருக்கு வேலை? ஏக்கருக்கு 150 மரம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 மரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 8 ஏக்கர். ஆக 300 வெட்டுக்காரர்களுக்குக் குறையாமல் வேண்டும். மண்டோர், ஸ்டோர், ஆலை, ஆபீஸ் ஆட்கள் தனி. அதே நிலத்தில் சூரியத் தகடு நின்றால் காவலுக்கும் பழுது பார்க்கவும் சிலர் போதும்.

தோழர்களே, இப்போது விளங்கியிருக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. நம் நாட்டில் 2011 இல் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் வந்தது. அதற்கான நிதிக்காக மாதம் 300 யூனிட்டுக்கு மேல் எரித்த வீட்டின் பில்லில் முதலில் 1 விழுக்காடும், 2014 முதல் 1.6 விழுக்காடும் சேர்த்து வாங்கினார்கள். 2014 இல் நம் ஆயர் குரோவிலேயே 8 மெகாவாட் சூரிய நிலையம் ஒன்று எழுந்தது. 2016 முதல் பெரிய சூரிய நிலையங்களுக்கு ஏலம் விடுகிறார்கள். 2050 க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு இவ்வகையாக இருக்கவேண்டும் என்று 2023 இல் அரசாங்கம் அறிவித்தது. சூரியத் தகட்டுக்கு என்ன வேண்டும்? சமமான, விசாலமான, ஒரே உரிமையாளரிடம் உள்ள, சாலைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் உள்ள நிலம். அப்படிப்பட்ட நிலம் இந்த மாநிலத்தில் யாரிடம் இருக்கிறது? தோட்டங்களிடம்தான்.

நாங்கள் சூரிய மின்சாரத்துக்கு விரோதிகள் அல்லர். நிலக்கரிப் புகையை விட அது நூறு மடங்கு நல்லது. மேலும், புதுப்பிக்கத்தக்க சக்தி என்பது நமக்கு ஏதோ வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. புகைக்கூடத்தில் சீட்டை உலர்த்த நாம் எதை எரித்தோம்? பால் வற்றி வெட்டிய ரப்பர் மரத்தை. அந்த இடத்தில் மறுபடி கன்று நட்டோம். பெயர்தான் புதிது. லயத்து விளக்குக்கு மட்டும் தோட்டத்து எஞ்சின். மாலையில் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குமேல் படிக்கிற பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்கு. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே மின்சாரத்தின் அருமை நமக்குத் தெரியும்.

நமது கேள்வி வேறு. சூரிய நிலையம் கட்டுகிற முதலாளிக்கு 21 ஆண்டுக்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் கிடைக்கிறது. 18 ஆண்டு அதே நிலத்தில் பால்வெட்டிய தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது? 1980 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். ஆக அந்த 18 ஆண்டுக்காரருக்கு 360 நாள் சம்பளம். கம்பெனிக்கு 21 ஆண்டு நிச்சயம். நமக்கு ஓராண்டுகூட முழுதாக இல்லை. அதற்குள் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. தோட்டம் கைமாறினால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள், முன்பு இருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்தால், அந்த வேலையை நியாயமில்லாமல் மறுப்பவருக்கு நஷ்ட ஈடு கிடையாது. அப்படி எதுவும் தராமல் விட்டால் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் சேர்ந்தும் தனித்தும் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாவார்கள். ஏழு நாள்! யாரோ ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், சங்கத்தைக் கேட்காமல் போடாதீர்கள். முப்பந்தல் பெரியவருக்குச் சொல்லித்தர அன்று ஆளில்லை. இங்கே சங்கம் இருக்கிறது. 1967 இல் புக்கிட் அசகான் தோட்டத்து மக்கள் வேலைக்காகக் கோலாலம்பூர் வரை நடந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஏழு நாள் விதியாவது தெரிந்திருக்க வேண்டாமா?

கூரை விஷயம் ஒன்று பாக்கி. வீட்டுக் கூரையில் தகடு போட்டுப் பில்லைக் குறைத்துக்கொள்ளும் திட்டங்களைப் பட்டணத்துப் பத்திரிகைகள் புகழ்கின்றன. தாமானில் சொந்த வீடு உள்ளவர்கள் போடுகிறார்கள். நமது கூரை தகரக் கூரை. வெயிலுக்குக் குறைவே இல்லை. ஆனால் கூரை நமதல்ல, தோட்டத்தினுடையது. ஓடந்துறைக்காரர் செய்தது சொந்த ஊராட்சி இருந்ததால். பசுமை வீட்டுக்காரருக்கு விளக்கு எரிந்தது, வீடு அவர் பேரில் இருந்ததால். ஆதலால் சூரிய நிலையத்துக்கென்று எந்தத் தோட்டம் போனாலும், அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதே வட்டாரத்தில் சொந்த வீடு, அந்த வீட்டுக் கூரைக்குத் தகடு, பிள்ளைகளில் தகுதியானவர்களுக்கு அந்த நிலையத்திலேயே பழுதுபார்ப்புப் பயிற்சி, இந்த மூன்றையும் நஷ்ட ஈட்டுக்கு மேலாகக் கேட்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். நிலத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுப்பது மாநில அரசாங்கம். ஆகவே மனு அங்கேயும் போகவேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கு முதலில் வேண்டியது ஆதாரம். யார் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பது செக்ரோலில் இருக்கிறது. சில தோட்டங்களில் ஆட்களைக் கண்டிராக்டர் பெயருக்கு மாற்றி, சேவை அறுந்துபோனதாக எழுதுகிறார்கள். வெட்டுவது அதே மரம், இருப்பது அதே வீடு. புத்தகத்தில் மட்டும் அவர் நேற்று வந்தவர். கிராணித் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்கள் தங்கள் பழைய சம்பளச் சீட்டுகளையும் சேமநிதி அறிக்கைகளையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். தோட்டத்துக்குள் அளவுக் கருவியோடு யாராவது வந்து கம்பம் நட்டால், அன்றைக்கே கிளைச் செயலாளருக்குத் தெரிவியுங்கள். சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, கண்டிராக்டுக்கு மாற்றிய தேதி, லயத்து வீட்டு எண், குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஐந்து கட்டம் போட்ட தாள் தயாரித்து மேசைமேல் வைத்திருக்கிறோம். கிளைக்கு ஒரு கட்டு. அடுத்த மாதக் கூட்டத்துக்குள் நிரப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.